எண்டர் டிராகனை வெல்வது எப்படி: முதன்முறை போகிறவர்களுக்கு

மைன்கிராஃப்ட் என்ற வீடியோ கேம் விளையாடுகிற தம்பி தங்கச்சிமார் என்னிடம் அதிகம் கேட்பது, அதன் இறுதி எதிரியான எண்டர் டிராகனைப் பற்றித்தான். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எங்கிருந்து கேட்டாலும் கதை ஒரே மாதிரிதான்: நல்ல கவசம் போட்டுக்கொண்டு போனேன், வாளைத் தூக்கிக்கொண்டு டிராகனைத் துரத்தினேன், செத்துப்போனேன்.

எப்படிச் செத்தீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். எண்டர்மேன் என்ற உயரமான கறுப்பு உருவங்கள் கூட்டமாக அடித்திருக்கும். அல்லது கோபுரத்திலிருந்து விழுந்திருப்பார்கள். அல்லது தீவின் ஓரத்தில் கால் தவறி, அடியில்லாத வெறுமைக்குள் போயிருப்பார்கள். டிராகன் நேரடியாகக் கொன்ற கதை குறைவு. அதனால் இந்தச் சண்டையில் டிராகனைவிட நிலத்தைக் கவனியுங்கள் என்பதுதான் என்னுடைய முதல் பாடம். வாள் எடுப்பது கடைசி வேலை.

2011 நவம்பரில் மைன்கிராஃப்டின் முதல் முழுப் பதிப்பு வந்தபோதே இந்த டிராகனும் வந்துவிட்டது. அதன் உயிர் 200, இதயக் கணக்கில் 100. அது நம்மால் முடியாத அளவு இல்லை. கோபுர உச்சிகளில் இருக்கும் கிரிஸ்டல்கள் அதற்குத் திரும்பத் திரும்ப உயிர் ஊட்டுவதுதான் சிக்கல்.

போவதற்கு முன்

டிராகன் இருக்கும் தனி உலகமான எண்டுக்குப் போகும் வாசலில் 12 சட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் ஐ ஒஃப் எண்டர் வைக்க வேண்டும். நெதர் என்ற நெருப்பு உலகத்தில் பிளேஸ் என்ற நெருப்பு உருவத்தைக் கொன்று எடுக்கும் ராடைத் தூளாக்கி, எண்டர்மேனைக் கொன்றால் கிடைக்கும் எண்டர் பேர்ளோடு சேர்த்தால் ஐ கிடைக்கும். சில சட்டங்களில் ஏற்கெனவே ஐ இருக்கலாம், ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள். வாசலுக்கு வழி தேட வானில் எறியும் ஐ, சராசரியாக ஐந்தில் ஒன்று உடைந்துபோகும். 16 அளவில் கையில் இருந்தால் கவலையில்லை.

கவசம் இரும்பாக இருந்தாலே போதும். வைரம் இருந்தால் நல்லது, அதற்காக மாதக்கணக்கில் தோண்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அந்த நேரத்தை அம்பு சேர்ப்பதில் செலவிடுங்கள். 64 அம்பு உள்ள கட்டு இரண்டு வேண்டும். சரளைக் கல்லில் கிடைக்கும் சக்கிமுக்கிக் கல் ஒன்று, குச்சி ஒன்று, கோழி இறகு ஒன்று சேர்த்தால் நான்கு அம்பு வரும். நாலைந்து கோழி வளர்த்தால் இறகுக்கும் குறைவில்லை, இறைச்சிக்கும் குறைவில்லை.

தண்ணீர் வாளி கட்டாயம். என்னைக் கேட்டால் வாளை மறந்தாலும் வாளியை மறக்கக் கூடாது. நெதரில் தண்ணீர் ஊற்ற முடியாது, எண்டில் ஊற்றலாம். எண்டர்மேனுக்குத் தண்ணீர் பட்டால் அடிபடும், விட்டு ஓடிவிடும். உயரத்திலிருந்து இறங்கவும் அதே தண்ணீர்தான். இவற்றோடு பிக்காக்ஸ், கல் கட்டைகள் ஒரு கட்டு, நல்ல சாப்பாடு, வெற்றுக் கண்ணாடிப் போத்தல் சில. மெதுவாக விழ வைக்கும் பானம் காய்ச்சத் தெரிந்தால் இரண்டு மூன்று கொண்டுபோங்கள். டிராகன் சிறகால் தூக்கி எறியும்போது அது உங்களைக் காப்பாற்றும்.

வாசலுக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக் கட்டில் போட்டுப் படுத்து எழும்புங்கள். அருகில் பெட்டி வைத்து, மாற்றுக் கவசம், மிச்ச அம்பு, சாப்பாடு எல்லாவற்றையும் போடுங்கள். செத்தால் அங்கேதான் எழும்புவீர்கள். நீங்கள் உடைத்த கிரிஸ்டல்கள் தாமாகத் திரும்ப வராது. ஆகவே இரண்டாவது தடவை போகும்போது சண்டை பாதி முடிந்திருக்கும்.

ஃபோனில் விளையாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தனியாக விளையாடும் உலகத்துக்கு டேட்டா தேவையில்லை. வீட்டில் எல்லாருக்கும் ஒரே ஃபோன் என்றால், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அழைப்பு வராத நேரமாகப் பார்த்து, சொல்லிவிட்டு எடுங்கள். மழையும் காற்றுமாக இருக்கிற நாட்களில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் முழுதாக சார்ஜ் ஏற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

இறங்கியவுடன்

ஒப்சிடியன் என்ற கடினமான கறுப்புக் கல்லாலான சிறிய மேடையில் இறங்குவீர்கள். சில உலகங்களில் அது தீவுக்குள்ளேயே புதைந்திருக்கும், அப்போது மேல்நோக்கித் தோண்டி வெளியே வாருங்கள். சில உலகங்களில் தீவுக்கு வெளியே தனியாக மிதக்கும். அப்படியென்றால் குனிந்தபடியே கல் வைத்துப் பாலம் போடுங்கள். குனிந்திருக்கும் வரை ஓரத்திலிருந்து விழ மாட்டீர்கள். குனியும் பொத்தானை விட்டுவிட்டு அவசரப்பட்டவர்கள்தான் வெறுமைக்குள் போகிறார்கள், அங்கே விழுந்த சாமானும் திரும்பக் கிடைக்காது.

தீவில் கால் வைத்ததும் பார்வையைத் தாழ்த்துங்கள். திரையின் நடுப்புள்ளி எண்டர்மேனின் தலையில் பட்டால் அது உங்களைத் தேடி வரும். செதுக்கிய பூசணியைத் தலையில் மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஹெல்மட் போட முடியாது, திரையும் பாதி மறையும். சின்னத் திரையில் விளையாடுகிறவர்களுக்கு நான் பூசணியைச் சொல்வதில்லை.

அப்புறம் முக்கியமான வேலை: அந்த மஞ்சள் வெள்ளைக் கல்லை, எண்ட் ஸ்டோனை, இரண்டு கட்டு தோண்டிக்கொள்ளுங்கள். சாதாரணக் கல்லையும் மரத்தையும் டிராகன் உடைத்துக்கொண்டு போய்விடும். எண்ட் ஸ்டோனையும் ஒப்சிடியனையும் அதனால் உடைக்க முடியாது. தோண்டிய இடத்தையே இரண்டு கட்டை உயரமுள்ள பொந்தாக்கி வைத்துக்கொண்டால் ஒளிந்திருந்து சாப்பிடலாம். எண்டர்மேனின் உயரத்துக்கு அந்தப் பொந்துக்குள் நுழைய முடியாது.

கிரிஸ்டல்கள்

நடுவைச் சுற்றி 10 கோபுரங்கள். கொழுந்து எடுக்கிறவர்கள் நிரை பிடித்துப் போவதைப் போல, ஒரு பக்கம் தொடங்கி வரிசையாகச் சுற்றி வாருங்கள். அங்கொன்று இங்கொன்றாக உடைத்தால் எது மிச்சம் என்று தெரியாமல், தீவு முழுக்க மேலே பார்த்துக்கொண்டு ஓடவேண்டி வரும். மேலே பார்த்து ஓடும்போதுதான் எண்டர்மேனின் முகம் குறுக்கே வரும்.

கோபுரத்தின் அடியில் நின்று எய்தால் உச்சி மறைக்கும். நன்றாகப் பின்வாங்கி நின்று, வில்லை முழுதாக இழுத்து, கிரிஸ்டலுக்குச் சற்று மேலே குறி வையுங்கள். அம்பு போகப் போகத் தாழும். முதல் அம்பு கீழே போனால் அடுத்ததைக் கொஞ்சம் உயர்த்துங்கள், நின்ற இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். இடத்தை மாற்றினால் கணக்கு முழுதும் மாறிவிடும்.

கிரிஸ்டலிலிருந்து டிராகனுக்கு ஒளிக்கற்றை போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் அதை உடைத்தால் டிராகனுக்கும் 10 குறையும். கிடைத்தால் லாபம், அதற்காகக் காத்திருக்கவேண்டாம்.

இரண்டு கோபுரங்களில் கிரிஸ்டல் இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் இருக்கும். இவை குட்டையான கோபுரங்கள்தான், ஆனால் முதன்முறை போகிறவர்கள் அதிகம் சாவது இங்கேதான். கூண்டை உடைத்துக்கொண்டு நேராக வாளால் கிரிஸ்டலை அடிப்பார்கள். அது வெடிக்கும். இரும்புக் கவசம் அதைத் தாங்காது.

சரியான முறை இது. டிராகன் தூரத்தில் இருக்கும் நேரம் பார்த்து, கோபுரத்தை ஒட்டி எண்ட் ஸ்டோனைக் காலடியில் வைத்து வைத்துக் குதித்து ஏறுங்கள். உச்சிக்கு வந்ததும் பிக்காக்ஸால் ஒரு பக்கத்துக் கம்பிகளை மேலிருந்து கீழ்வரை எடுத்துவிடுங்கள். கிரிஸ்டலைத் தொடவே வேண்டாம். ஓரத்தில் தண்ணீரை ஊற்றி, அந்த வீழ்ச்சியோடு இறங்குங்கள். பின்பு, எந்தப் பக்கம் திறந்தீர்களோ அந்தப் பக்கமாக நன்றாகத் தள்ளி நின்று அம்பு விடுங்கள். தண்ணீரைத் திரும்ப அள்ள முடியாமல் போகலாம், அதனால் வாளி இரண்டு கொண்டுபோனால் நல்லது.

டிராகன் தரையிறங்கும்போது

கிரிஸ்டல் குறையக் குறைய டிராகன் நடுவிலுள்ள தூணில் அடிக்கடி வந்து உட்காரும். அதுவரை பறக்கும்போது அம்பு விடலாம். உட்கார்ந்த பிறகு அம்பு வேலை செய்யாது, இப்போதுதான் வாளோ கோடரியோ எடுக்க வேண்டும். தலையை அடியுங்கள். தலையில் விழும் அடிதான் முழுதாகச் சேரும், சிறகிலும் வாலிலும் அடித்தால் கால் பங்குதான்.

ஆனால் தலைக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். டிராகன் உறுமிவிட்டு ஊதும், ஊதா நிறப் புகை நிலத்தில் பரவிக் கிடக்கும். கவசம் அதைத் தடுக்காது. உறுமல் கேட்டவுடன் பக்கவாட்டில் விலகுங்கள், புகை படாத பக்கமாக வந்து மீண்டும் அடியுங்கள். தைரியம் இருந்தால் அந்தப் புகையை வெற்றுப் போத்தலில் பிடிக்கலாம், பிற்பாடு பானம் காய்ச்ச உதவும். நன்றாக அடி வாங்கியதும் எழும்பிப் பறக்கும். துரத்தவேண்டாம். பொந்துக்குப் போய்ச் சாப்பிட்டு, உயிரை நிரப்பிக்கொண்டு, அடுத்த தடவை இறங்கும்வரை இருங்கள்.

எண்டில் கட்டில் வெடிக்கும் என்பதை வைத்து, டிராகன் உட்கார்ந்தவுடன் கட்டிலை வெடிக்கவைத்துச் சில நிமிடங்களில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேகமான முறைதான். நிற்கும் தூரம் கொஞ்சம் பிசகினால் முதலில் போவது நீங்கள். சாகும் பயமில்லாத வேறோர் உலகத்தில் பழகிவிட்டு அதைச் செய்யுங்கள்.

வென்ற பிறகு

முதல் டிராகனுக்கு 12,000 அனுபவப் புள்ளிகள் கொட்டும். நடுத் தூணின் மேல் முட்டை இருக்கும். கையால் தட்டினால் வேறிடத்துக்குத் தாவிவிடும். தாவிப்போய் உட்கார்ந்த இடத்தில், முட்டைக்கு இரண்டு கட்டை கீழே ஒரு தீப்பந்தம் வைத்து, இடையிலுள்ள கட்டையை உடையுங்கள். முட்டை பந்தத்தின் மேல் விழுந்து, பைக்குள் எடுக்கக்கூடிய பொருளாகிவிடும்.

தூணைச் சுற்றித் திறந்திருக்கும் வாசலில் குதித்தால் கட்டிலருகே எழும்புவீர்கள். தீவின் ஓரத்தில் இன்னொரு சின்ன வாசலும் தோன்றியிருக்கும். அதற்குள் எண்டர் பேர்ளை எறிந்தால் வெளித்தீவுகளுக்குப் போகலாம், பறக்க உதவும் இலைட்ரா அங்கேதான் கிடைக்கும். அதற்காக இரண்டு பேர்ளையாவது செலவழிக்காமல் வைத்திருங்கள்.