‘தெம்’ வந்தாலே ‘ஹென்’ போடாதீர்கள்

புதிதாக வந்த ஒருவரின் டச்சு மொழிபெயர்ப்பைப் போன வாரம் திருத்த உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்துக்கு முன் நான் அடித்த அதே கூத்து, வரி பிசகாமல். எழுத்துப்பிழைகளை மென்பொருளே பிடித்துவிடும், அவற்றை விடுங்கள். ஆங்கிலத்தின் ‘தே, தெம், தேர்’ டச்சுக்குப் போகும்போது சறுக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

ஹென்னா, ஹுன்னா?

தமிழ் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. ‘அவர்களை’ என்றால் ஹென், ‘அவர்களுக்கு’ என்றால் ஹுன். ‘அவர்களுடைய’ என்பதும் ஹுன்தான். முன்னிடைச்சொல்லை (ஆங்கிலத்தின் ‘வித்’, ‘ஃபார்’ போன்றவை) அடுத்து வந்தால் ஹென். ஆனால் ‘அவர்களுக்கு உதவினேன்’ என்று தமிழை நம்பிப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே டச்சில் ஹென். இந்தப் பிரிவினை பேச்சில் தானாக முளைத்ததல்ல. 1625-ல் வான் ஹேலெ என்ற இலக்கணக்காரர் ஏட்டில் வகுத்தது. டச்சுக்காரர்களே தடுமாறுவதில் வியப்பில்லை. அழுத்தம் தேவையில்லாத இடத்தில் ‘ஸெ’ போட்டுத் தப்பிக்கலாம்.

பொருளுக்கு ஹென்

இதுதான் இன்றும் எரிச்சலூட்டுவது. ஒரு காபி இயந்திரத்தின் கையேடு. ‘வடிகட்டிகளைக் கழுவி உலர்த்துங்கள்’ என்ற வரியில் ‘தெம்’ இருந்தது. நானும் ஹென் போட்டேன். கையேடு முழுக்க இப்படியே. படித்த டச்சுப் பெண்மணி, “குழந்தைகளைக் குளிப்பாட்டித் துவட்டச் சொல்கிறீர்களா?” என்று கேட்டார். ‘அவர்களை’, ‘அவர்களுக்கு’ எனும் ஹென், ஹுன் இரண்டும் மனிதர்களுக்கு. பொருளுக்கு ‘ஸெ’. (பெட்டைக்கோழிக்கும் டச்சில் ஹென்தான். அந்தச் சிரிப்பு தனி.)

சரி, ஒரே தட்டில் மாற்றிவிடலாம் என்று ராத்திரி பதினொரு மணிக்கு எல்லா ஹென்னையும் ஸெ ஆக்கினேன். ‘ஊற்று’ என்பதற்கான டச்சு வினைச்சொல்லின் நடுவிலும் ஹென்னின் அதே மூன்று எழுத்துகள் (h, e, n) உண்டு. காபிக் கையேட்டில் அந்தச் சொல் எத்தனை முறை வரும், யோசித்துப் பாருங்கள். அப்படியே அச்சுக்குப் போனது. பாதிக் கூலிதான் கிடைத்தது.

அந்தச் சொல் தப்பியிருந்தாலும் தவறு தவறுதான். பொருளோடு முன்னிடைச்சொல் வந்தால் ‘ஸெ’யும் ஆகாது. ‘அவற்றுடன்’ என்பதற்கு ‘மெட் ஸெ’ அல்ல, ‘எர்மே’. ‘மெட்’ என்பதே ‘மே’ ஆகி ‘எர்’ரோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு வாக்கியமாகத்தான் பார்க்க வேண்டும், குறுக்குவழி கிடையாது.

வடிகட்டிகளை ‘அவர்கள்’ என்று தமிழில் யாராவது எழுதுவோமா? ‘அவை’ என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் ‘தெம்’மைப் பார்த்ததும் அது எப்படித்தான் மறந்துபோகிறதோ!

எழுவாயாக ஹுன்

தெருவில் காதில் விழும். எழுதாதீர்கள்.

ஸெய்: அவளா, அவர்களா?

வினைச்சொல்லைப் பாருங்கள். ‘ஸெய் வெர்க்ட்’ என்றால் அவள் வேலை செய்கிறாள். ‘ஸெய் வெர்கென்’ என்றால் அவர்கள். இறந்தகாலத்தில் இந்த வினைக்கு வேறுபாடு கடைசி ‘ன்’ மட்டும்தான். பேச்சில் பலர் அதையும் விழுங்கிவிடுவார்கள்.

ஒருவரைக் குறிக்கும் ‘தே’

‘ஒரு வாடிக்கையாளர் அழைத்தால்’ என்று தொடங்கி ‘தே’ வந்தால், நான் வாடிக்கையாளரையே பன்மையாக்கிவிடுவேன். ஆணென்றோ பெண்ணென்றோ குறிக்கப்பட விரும்பாத ஒருவரைப் பற்றிய உரை என்றால் கதை வேறு. சிலர் ‘ஹென்’ கேட்பார்கள், சிலர் ‘டீ’ கேட்பார்கள், அவரிடமே கேட்டுவிடுங்கள். அந்த ஹென் எழுவாயாக வரும்போது வினை ஒருமையில்: ‘ஹென் வெர்க்ட்’. திருத்துபவர் அதைப் பிழை என்று ‘ஸெய்’யாக மாற்றாமலிருக்க ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.