வாழ்க்கைத் திருப்தியை அளக்க ஒரு வினாத்தாள்

ஆய்வு மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் வினாத்தாள்களில் வருமானம், சர்க்கரை நோய், பிள்ளைகள் என்று ஐம்பது கேள்விகள் இருக்கும். திருப்தியைப் பற்றி ஒன்றுகூட இருக்காது. வசதியை அளப்பது வேறு. தன் வாழ்க்கையை ஒருவர் தாமே எடைபோட்டுச் சொல்லும் தீர்ப்புதான் நமக்கு வேண்டும்.

உளவியலாளர் எட் டீனர் குழுவினர் 1985இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோலைப் பாருங்கள். 48 வாக்கியங்களில் தொடங்கிக் கழித்துக் கழித்து ஐந்தில் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறோம் என்பதற்கு 1 முதல் 7 வரை மதிப்பெண். மொத்தம் 5 முதல் 35 வரை. ஆகவே முதலில் தாராளமாக எழுதுங்கள், பிறகு இரக்கமில்லாமல் வெட்டுங்கள். "என் வேலையும் குடும்பமும் நிறைவாக இருக்கின்றன" என்பதை முதலில் வெட்டுங்கள். வேலை பிடித்து வீடு பிடிக்காதவர் எதைக் குறிப்பார்?

அடுத்த கட்டத்தைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். யாரிடம் கேட்கப்போகிறீர்களோ அவர்களைப் போன்ற சிலரைத் தேடிப்போய், தனித்தனியாக உட்கார்ந்து கேளுங்கள். விடை சொன்னதும், "ஏன் ஐந்து சொன்னீர்கள்? எதை நினைத்துக்கொண்டு சொன்னீர்கள்?" என்று விசாரியுங்கள். ஒரு பாட்டி தன் வாழ்க்கையை விட்டுவிட்டு மகனின் வாழ்க்கைக்கு மதிப்பெண் போட்டிருப்பார். காபி கொண்டுவந்த மருமகள் அங்கேயே நின்றுவிட்டால், "எனக்கென்ன குறை!" என்பதுதான் விடையாக வரும். அந்தத் தாளை ஒதுக்கிவிடுங்கள். ஏழு எண்கள் குழப்பினால் உளவியலாளர் ஹேட்லி கேன்ட்ரிலின் ஏணியை வரைந்து காட்டலாம்: அடியில் 0, உச்சியில் 10, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

பொதுவான கேள்வியை முதலில் வையுங்கள். மூட்டுவலியைப் பற்றி விசாரித்துவிட்டு வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், மூட்டுதான் பதில் சொல்லும்.

கணக்கு வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மற்றவற்றோடு ஒத்துப்போகாத வாக்கியத்தை நீக்குங்கள். வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்ணான க்ரோன்பாக் ஆல்பா 0.7க்கு மேல் இருந்தால் வழக்கமாக ஏற்பார்கள்; 0.95ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம், ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்களோ என்று பாருங்கள். சில வாரங்கள் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேளுங்கள். டீனர் குழுவுக்கு இரண்டு மாத இடைவெளியில் இரு முறை விடைகளுக்கும் இடையே 0.82 ஒட்டுறவு கிடைத்தது (முழுக்க ஒத்துப்போனால் 1).

வாக்கியங்களைப் பொறுக்கி எடுக்க உதவிய அதே ஆட்களின் விடைகளை வைத்தே "இந்த அளவுகோல் நம்பகமானது" என்று எழுதிக்கொண்டு வந்தால் நான் கையெழுத்திடுவதில்லை. வேறு ஆட்களிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.