தூர்வாரிய சேற்றில் சிமென்ட் கலக்கும்போது

போன மாதம் சைட்டுக்குப் புதிதாக வந்த தம்பி, "ஈரப்பதம் 130 சதவீதம்னு போட்டிருக்காங்க சார், தப்பா அடிச்சிட்டாங்க" என்றான். இதையே சொல்லித் திட்டு வாங்கியவன்தான் நானும். நீரை உலர்ந்த மண்ணின் எடையோடு ஒப்பிடுகிறோம். கடலடிச் சேற்றில் நூறைத் தாண்டுவது சாதாரணம். இப்படிச் சேற்றில் சிமென்ட் கலந்து இறுக வைத்து நிரப்பும் வேலையில் நடக்கும் தவறுகள்தான் கீழே இருப்பவை; மூட்டையை நனைய விடாதே என்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

சதவீதத்தை நம்பிச் சிமென்ட் போடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான். "உலர் எடையில் 10 சதவீதம்" என்று ஆய்வகம் எழுதித் தந்தது. ஈரப்பதம் 100 என்றால் ஒரு கன மீட்டர் சேற்றில் உலர்மண் சுமார் 730 கிலோ, நீரும் 730, சிமென்ட் 73. ஒரு நாள் இரவு மழை. சேறு ஏற்றிய பார்ஜில் (தட்டைப் படகில்) மேலே நின்ற தண்ணீரையும் சேர்த்தே அள்ளினோம்; ஈரப்பதம் 150 ஆகிவிட்டது. உலர்மண் 535 கிலோவுக்கு இறங்கியது, நீர் 800க்கு ஏறியது. அதே 10 சதவீதத்துக்குச் சிமென்ட் 53 கிலோதான். தண்ணீர் கூடிய சேற்றுக்குச் சிமென்ட்டைக் குறைத்துப் போட்டிருக்கிறோம்! கணக்கு சரிதானே என்று நானே வாதாடினேன். 28ஆம் நாள் எடுத்த மாதிரியில் கட்டைவிரல் பதிந்தது. அதற்குள் மேலே இரண்டு அடுக்கு ஏறியாயிற்று. அத்தனையையும் தோண்டினோம்.

இப்போது ஒரு லிட்டர் குவளையும் தராசும் போதும். குவளை நிறையச் சேற்றை எடுத்து, குமிழி போகத் தட்டி நிறுத்துப் பாருங்கள்: ஈரப்பதம் 100 என்றால் 1.46 கிலோ, 150 என்றால் 1.34. ஓவனில் உலர்த்தி ஈரப்பதம் பார்த்தால் முடிவு மறுநாள்தான் வரும். சிமென்ட்டை நீரின் அளவைப் பார்த்து, கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று போடுங்கள். 2005இல் திறந்த ஜப்பானின் சென்ட்ரேர் விமான நிலையத் தீவுக்கு, சேற்றை அழுத்தக் காற்றால் குழாயில் தள்ளி, போகிற போக்கிலேயே சிமென்ட் கலந்தார்கள். அந்த முறையில் குழாய்க்குள் போன பிறகு தண்ணீர் கூடுதல் என்று தெரிந்து என்ன பயன்?

ஆய்வக வலிமை களத்திலும் வரும் என்று நினைப்பது

வராது.

கறுத்து நாறும் சேறு

தனி மாதிரி எடுங்கள். மட்கு அதிகமிருந்தால் சிமென்ட்டை இறுக விடாது.

இறுகியதைக் கிளறிச் சமன் செய்வது

பிணைப்பு உடைந்தால் போட்ட சிமென்ட் வீண்.

வடியும் நீர்

சிமென்ட் கலந்த சேற்றிலிருந்து வடியும் நீரில் பிஎச் (காரத்தன்மையின் அளவு) 11, 12 வரை ஏறும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பக்கத்துக் குட்டையில் மீன் செத்து மிதந்த பிறகுதான் அளக்கும் கருவி வந்தது.