‘நம்ம கம்பெனி’ என்று ஊழியர்கள் அவர்களாகச் சொல்ல வேண்டுமா?

கம்பெனியில் ஐந்து பேராக இருந்தவரை எல்லாம் தானாக நடந்தது, ஒருவர் குரல் கொடுத்தால் மற்ற நால்வருக்கும் விஷயம் தெரிந்துவிடும். இப்போது பதினைந்து பேர், குழப்பமோ பத்து மடங்கு. ஆட்களைக் குறை சொல்லாதீர்கள், கணக்கே அப்படித்தான். 5 பேருக்குள் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 ஜோடிகள், 15 பேர் ஆனதும் 105.

இந்தக் கட்டத்தில்தான் முதலாளிக்குப் பேச்சு வந்துவிடும். எல்லோரையும் கூட்டி, “இதை உங்கள் கம்பெனி மாதிரி நினைத்து வேலை பாருங்கள்” என்பார். நானும் பேசியிருக்கிறேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள், மறுநாள் காலையிலேயே ஒரு சின்ன ரீஃபண்டுக்கு அனுமதி கேட்டு என் மேஜை முன்னால் வந்து நின்றார்கள். வேறென்ன செய்வார்கள்? முடிவு என்னிடம், கணக்கு என்னிடம், லாபம் என்னிடம். அந்த ‘மாதிரி’ மட்டும்தான் அவர்களுக்கு.

ஆகவே அந்த மூன்றையும்தான் கொடுக்க வேண்டும், இதே வரிசையில். முதலில் முடிவு, அப்புறம் கணக்கு, கடைசியில் பங்கு.

ஒரு வாரம் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, உங்களிடம் வருகிற ஒவ்வொரு கேள்வியையும் யார் கேட்டார் என்பதோடு எழுதுங்கள். சனிக்கிழமை உட்கார்ந்து படித்தால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும்: கேட்டவருக்கே பதில் தெரிந்த கேள்விகள்தான் அதிகம். அவற்றுக்கு ஒரு வரம்பு போட்டு, எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இந்தத் தொகை வரை நீங்களே முடிவு செய்யலாம், அதற்கு மேல் என்றாலோ வாடிக்கையாளரோடு ஒப்பந்தத்தை மாற்றுவதென்றாலோ என்னிடம் பேசுங்கள், அவ்வளவுதான்.

உண்மையான சோதனை யாராவது முதல் தப்பான முடிவை எடுக்கிற அன்றுதான் வரும். அன்றைக்கு நாலு பேர் முன்னால் கத்திவிட்டால் கொடுத்ததெல்லாம் திரும்ப உங்கள் மேஜைக்கே வந்துவிடும், அதற்குப் பிறகு எத்தனை முறை கொடுத்தாலும் யாரும் கை நீட்டி வாங்க மாட்டார்கள். டொயோட்டா தொழிற்சாலைகளில் ‘ஆன்டன்’ கயிறு என்று ஒன்று உண்டு, இப்போது பல இடங்களில் அதற்குப் பதில் பொத்தான். கோளாறைப் பார்க்கிற எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், உடனே குழுத் தலைவர் ஓடி வருவார், அந்த இடத்திலேயே சரியாகவில்லையென்றால் உற்பத்தி வரிசையே நிற்கும். கயிறு பெரிய விஷயமில்லை. இழுத்தவரைத் திட்டினால், அடுத்த முறை கோளாறைப் பார்ப்பவர் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

இன்னொன்று, ஒரு வேலைக்கு ஒரு பெயர். ‘எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். பிரெஞ்சுக்காரரான ரிங்கல்மன் 1913இல் வெளியிட்ட இழுவைச் சோதனைகளில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்குக் கிடைத்த பலம், தனியாக இழுத்ததில் பாதியளவுதான். சேர்ந்து இழுக்கும்போது தாளம் தப்புவது ஒரு காரணம், ‘நான் கொஞ்சம் விட்டால் யாருக்குத் தெரியும்’ என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு மருந்து, யார் எதைச் செய்தார் என்பது தெரிகிற மாதிரி வேலையைப் பிரிப்பதுதான். பெயர் போடப்பட்டவர் தனியாகச் செய்ய வேண்டியதில்லை, நாலு பேரிடம் உதவி கேட்கலாம், ஆனால் முடிந்ததா என்று கேட்டால் பதில் சொல்வது அவர் ஒருவர்தான்.

குழுக்களுக்குள் சண்டை வருகிறதா? சம்பளத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். விற்பனை ஆளுக்கு ஆர்டர் பிடித்தால் கமிஷன், உற்பத்தி ஆளுக்குத் தாமதமானால் திட்டு என்று வைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒற்றுமையாக இருங்கள் என்றால் எப்படி? சொன்ன தேதியில், திரும்பி வராமல் போய்ச் சேர்ந்த ஆர்டர் எத்தனை என்ற ஒரே எண்ணை இருவருக்கும் பொதுவாக வையுங்கள். அப்புறம் தேதி சொல்வதற்கு முன்னால் அவர்களே ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

சரி, கணக்கு. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் ரீமேனுஃபேக்சரிங் என்ற எஞ்சின் புதுப்பிக்கும் ஆலையை அங்கே வேலை பார்த்த மேலாளர்களே 1983இல் தலைக்கு மேல் கடன் வாங்கி விலைக்கு எடுத்தார்கள். பிறகு லாப நஷ்டக் கணக்கைப் படிக்கத் தொழிலாளர்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. கையில் இருக்கும் பணம், வர வேண்டிய பாக்கி, மாதச் செலவு, இந்த மூன்றை மாதம் ஒருமுறை எல்லோருக்கும் காட்டுங்கள். யாருடைய தனிச் சம்பளமும் வேண்டாம். வெளியே தெரிந்துவிடுமே என்று பயமாக இருக்கும். ஆனால் காட்டாவிட்டாலும் அவர்கள் ஒரு கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள், அதில் உங்கள் லாபம் நிஜத்தைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்பு அதிகம்!

பங்கில் அவசரம் வேண்டாம். லாபத்தில் இவ்வளவு சதவீதம், இப்படிப் பிரியும் என்று ஆண்டு தொடங்கும் முன்பே எழுதிக் கொடுங்கள். வருடக் கடைசியில் மனம் போனபடி கொடுத்தால் அது தானம். கம்பெனிப் பங்கே கொடுப்பதானால் ஸ்டார்ட்அப்களில் வழக்கமான ஏற்பாடு ஒன்று உண்டு: நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், முதல் வருடம் முடியும் முன் விலகினால் எதுவும் கிடையாது. வாங்க ஆள் வருகிறவரை அந்தப் பங்கு வெறும் காகிதம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆறு மாதம் கழித்து, ஐந்து நாள் போனை அணைத்துவிட்டு எங்காவது போய்விட்டு வாருங்கள். திரும்பி வரும்போது உங்களுக்காக என்னென்ன கேள்விகள் காத்திருக்கின்றனவோ, அவற்றைப் புது நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.