ஆட்குறைப்பு செய்யும் கம்பெனி தன் பெயரைக் காத்துக்கொள்ள

மதுரையில் ஐடி வட்டம் சின்னது. இலந்தைக்குளம், வடபழஞ்சியில் உள்ள எல்காட் (தமிழக அரசு நிறுவனம்) ஐடி பூங்காக்களில் இருந்து ஒருவரை எப்படி வெளியே அனுப்பினீர்கள் என்பது அடுத்த கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்பே இறுதியாண்டு மாணவர்கள் வரை போய்விடும். ப்ராஜெக்ட் போனால் ஆள் குறைவது எல்லோருக்கும் புரிகிறது. பெயர் கெடுவது அனுப்பும் விதத்திலும், கடைசி மாதக் காகிதங்களிலும்தான்.

2021 டிசம்பரில் பெட்டர்.காம் என்ற அமெரிக்க வீட்டுக்கடன் கம்பெனி ஏறக்குறைய 900 பேரை ஒரே ஜூம் அழைப்பில் அனுப்பியது. தலைமை அதிகாரி பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. 2020 மே மாதம், தங்குமிட வாடகைத் தளமான ஏர்பிஎன்பி சுமார் 1,900 பேரைக் குறைத்தபோது, அமெரிக்க ஊழியர்களுக்குக் குறைந்தது 14 வாரச் சம்பளமும் ஒரு வருட மருத்துவக் காப்பீடும் கொடுத்தது. அதை இன்றும் நல்ல உதாரணமாகச் சொல்கிறார்கள்.

சொல்லும் நாளுக்கு முன்பே கணக்கு முடிந்து, கடிதம் கையெழுத்தாகி இருக்க வேண்டும். நேரடி மேனேஜர் தனித்தனியாக, நேரில் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம். சந்தேகம் கேட்க அடுத்த இரண்டு நாள் அலுவலகத்தில் ஆள் இருக்காது. சோர்ஸ் கோடு, வாடிக்கையாளர் தகவலுக்கான அனுமதியை உடனே நிறுத்தலாம். பேஸ்லிப் போர்ட்டலை மட்டும் மூடாதீர்கள்: அடுத்த கம்பெனி கடைசி மூன்று மாத பேஸ்லிப்பைக் கேட்கும்.

“ராஜினாமா எழுதிக் கொடு” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பெயரை இதைவிட வேகமாகக் கெடுப்பது எதுவும் இல்லை. ராஜினாமா என்று எழுதிக்கொடுத்தவர் ஆட்குறைப்பு இழப்பீட்டையும் இழக்க நேரும். பணியிடம் நீக்கப்பட்டது, வேலைத்திறன் காரணமல்ல என்று கடிதத்திலேயே எழுதுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட் வாங்கி வைத்திருந்தால் அன்றே திருப்பித் தரவும். நீங்களே அனுப்பும் ஆளிடம் பாண்ட் பணம் (ஒப்பந்தக் காலத்துக்கு முன் விலகினால் கட்ட வேண்டிய தொகை) கேட்பது அநியாயம்.

பணத்துக்குக் கெடு உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, சம்பள பாக்கியை வேலையிலிருந்து அனுப்பிய இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ‘அடுத்த சம்பளத் தேதியில் பார்க்கலாம்’ என்ற பழைய பழக்கம் இனி செல்லாது. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) 30 நாள். கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணி வருடங்களாலும் பெருக்க வேண்டும்: கணக்கில் வரும் சம்பளம் 26,000, பணி 5 வருடம் என்றால் 75,000 ரூபாய். நான்கு வருடம் முடித்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கும் உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அவரை ஐந்து வருடம் நிறையும் முன்பே அனுப்பிப் பணத்தை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள்.

அடிக்கடி தவறுவது பிஎஃப் விலகல் தேதி, அதாவது ஊழியர் வேலையை விட்ட நாளை பிஎஃப் கணக்கில் பதிவது. அதைப் பதியாவிட்டால் பழைய பணத்தை எடுப்பதும் மாற்றுவதும் சிக்கிக்கொள்ளும். ஊழியர் தானே பதிய வேண்டுமென்றால் கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கடைசிச் சந்தாவைக் கட்டும்போதே தேதியையும் பதிந்துவிடுங்கள்.

கடைசியாக, வெரிஃபிகேஷன். புதிய கம்பெனி விசாரிக்கும்போது இங்கிருந்து பதில் போகாவிட்டால் கைக்கு வந்த ஆஃபர் நழுவிப் போகும். இதற்கென ஒரு பொது மெயில் முகவரி வையுங்கள், இரண்டு நாளுக்குள் பதில் போகட்டும். எச்ஆர் ஆள் மாறினாலும் அந்த முகவரி மாறக் கூடாது. ரிலீவிங் லெட்டரின் (பணி விடுவிப்புக் கடிதத்தின்) அடியிலேயே அதை அச்சிட்டுக் கொடுங்கள்.