பளபளப்பு வேறு, சுத்தம் வேறு: வார்டைத் துடைப்பதில் தொடரும் தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு சிஸ்டர் கட்டிலின் பக்கக் கம்பியைக் கிருமிநாசினியால் துடைத்தார். அடுத்த நொடியே காய்ந்த துணியை எடுத்துப் பளபளவென்று தேய்த்தார். எனக்குக் கோபம் வந்தது, பாதி என் மேலேயே. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவுங்கள், மாஸ்க் போடுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

காய்வதற்கு முன் துடைத்துவிடுவது

மருந்து பட்டதும் வைரஸ் செத்துவிடாது. பாட்டில் லேபிளைப் பாருங்கள்: ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம் என்று ஏதாவது போட்டிருக்கும். அதுதான் கான்டாக்ட் டைம். அவ்வளவு நேரமும் அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். நடுவில் காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும். ஒரே பாட்டிலில் ஒரு வைரஸுக்கு ஒரு நேரம், இன்னொன்றுக்கு வேறு நேரம் இருக்கும். அதையும் யாரும் படிப்பதில்லை.

குழந்தைகள் வார்டில் நான் செய்தது இது. வயிற்றுப்போக்கோடு இருந்த குழந்தை டிஸ்சார்ஜ் ஆனது. அடுத்த குழந்தை ஸ்ட்ரெச்சரில் வெளியே காத்திருந்தது. அவசரத்தில் துடைத்தேன், உலர்த்தினேன், விரிப்பைப் போட்டேன். இரண்டு நாளில் சளிக்காக வந்த அந்தக் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு. கட்டிலால்தான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் சீனியர் சிஸ்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு நேரம் ஈரமா இருந்துச்சு?" என்னிடம் பதில் இல்லை.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா, நோரோ மாதிரி வைரஸ்கள் காய்ந்த பரப்பில் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நோரோ வைரஸ் மிகக் கொஞ்சம் உள்ளே போனாலே போதும், நோய் வந்துவிடும். இதில் எரிச்சல் என்னவென்றால், ரவுண்ட்ஸ் வருபவர்கள் பாராட்டுவது பளபளப்பைத்தான். ஈரமாக விட்டால் "இன்னும் துடைக்கலையா?" என்று கேட்பார்கள்.

அந்தப் புது சிஸ்டரும் கேட்டார்: "அதுவரைக்கும் சும்மா நிக்கிறதா அக்கா?" வேண்டாம். முதலில் கம்பியை நனைத்துவிட்டு அழைப்பு மணிப் பொத்தான், ஐவி ஸ்டாண்ட், லாக்கர் கைப்பிடி என்று போங்கள். முடித்துத் திரும்புவதற்குள் நேரம் ஆகியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் ஆல்கஹால்

இன்ஃப்ளூயன்ஸா, கொரோனா போன்றவற்றுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் அதை உடைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறை கிடையாது, அதனால் ஆல்கஹாலுக்கு லேசில் மசியாது. கண்வலி பரப்பும் அடினோ வைரஸும் உறை இல்லாததுதான். கண் அழுத்தம் பார்க்கும் கருவியின் முனையை ஆல்கஹால் வைப்ஸால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்தவர் கண்ணில் வைப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறும். தவிர, பெரிய பரப்பில் ஆல்கஹால் நொடிகளில் ஆவியாகிவிடும். கான்டாக்ட் டைம் அங்கேயே போச்சு.

அழுக்கின் மேலேயே பிளீச்

வாந்தி, ரத்தம், மலம் எல்லாமே பிளீச்சில் இருக்கும் குளோரினைத் தின்றுவிடும். முதலில் உறிஞ்சி எடுங்கள், சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், அப்புறம் பிளீச். 5 சதவீத பிளீச் கரைசல் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதம், 9 பங்கு சேர்த்தால் 0.5 சதவீதம். ரத்தம் நிறையச் சிந்திய இடத்துக்கு இரண்டாவது. நேற்றுக் கலந்த வாளியைக் கொட்டிவிடுங்கள்.

தரையிலேயே நேரத்தைப் போக்குவது

நோயாளி தரையைத் தொட்டுவிட்டு வாயைத் தொடுவதில்லை. கம்பியைத் தொடுகிறார்.

பிசிஆர் பாசிட்டிவ் என்றதும் அலறுவது

பிசிஆர் என்பது வைரஸின் மரபணுப் பொருளைத் தேடும் சோதனை. மேசையைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்த ஸ்வாப் பாசிட்டிவ் என்றால் அந்த மரபணுப் பொருள் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அது செத்த வைரஸின் மிச்சமாகவும் இருக்கலாம்.

அறை முழுக்க மருந்துப் புகை அடிப்பது

துடைப்பதற்குப் பதிலாகவா? வேண்டாம்.