ஈஸ்ட் மிஞ்சும்போது: வீட்டில் தொடங்க வேண்டிய படிகள்

நம் வாயிலும் குடலிலும் தோலிலும், பெண்களுக்குப் பிறப்புறுப்பிலும், கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகை நுண்காளான் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. அதே இடங்களில் வாழும் நல்ல பாக்டீரியாக்களும் நம் நோய் எதிர்ப்பாற்றலும் அதனை அளவுக்குள் வைத்திருக்கின்றன. இந்தக் காவல் தளரும்போது, அதுவரை சிறு உருண்டைகளாக இருந்த கேண்டிடா நூலிழைபோல நீண்டு திசுவுக்குள் நுழையத் தொடங்குகிறது. அரிப்பும் எரிச்சலும் வெண்படலமும் அதன் விளைவுகள். ஆகவே ஈஸ்ட்டை அடியோடு ஒழிப்பது நம் வேலையன்று, அது மிஞ்சுவதற்கான காரணத்தை நீக்குவதே வேலை. உடலிலுள்ள ஈஸ்ட் முழுவதையும் வெளியேற்றிவிடும் என்று சொல்லி விற்கப்படும் பொடிகளை இந்த ஒரு காரணத்தாலேயே ஒதுக்கிவிடலாம்.

முதல் படி: வந்திருப்பது ஈஸ்ட்தானா என்று பாருங்கள்

வாயில் வந்தால் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றும். துணியால் துடைத்தால் எளிதில் வராது, வந்தாலும் அடியில் சிவந்திருக்கும். பால் படிந்த நாக்கு அப்படியன்று, துடைத்தவுடன் சுத்தமாகிவிடும். தோல் மடிப்பில் வந்தால், அதாவது அக்குள், மார்பின் அடிப்பகுதி, அரையிடுக்கு ஆகிய இடங்களில், ஈரமான சிவந்த திட்டும் அதன் ஓரத்தைச் சுற்றிச் சிறு சிறு பருக்களும் தெரியும். பெண்ணுறுப்பில் வந்தால் தயிர்த் திப்பி போன்ற, பெரிதாக நாற்றமில்லாத கசிவும் கடும் அரிப்பும் இருக்கும்.

நம் வீடுகளில் எந்த வெள்ளைப்படுதலையும் "உடம்பு சூடு" என்று சொல்லி வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்துவிடுகிறோம். மீன் வாடை அடிக்கும் கசிவும், பச்சையாகவோ நுரைத்தோ வரும் கசிவும் பெரும்பாலும் வேறு கிருமிகளின் வேலை. அவற்றுக்கு மருந்தும் வேறு. காலையில் ஒரு தம்ளர் தண்ணீரில் எச்சிலைத் துப்பி, அது நூல் நூலாக இறங்கினால் ஈஸ்ட் என்று முடிவுசெய்யும் சோதனை ஒன்றும் உலவுகிறது. எச்சில் கெட்டியாக இருந்தால் யாருடையதும் அப்படித்தான் இறங்கும்.

இரண்டாம் படி: காரணத்தைத் தேடுங்கள்

கடந்த சில வாரங்களில் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டீர்களா என்பது முதல் கேள்வி. அம்மாத்திரை பாக்டீரியாவைக் கொல்லும், ஈஸ்ட்டைத் தொடாது. காவலர்கள் போன பிறகு வீடு அதற்கே சொந்தமாகிவிடுகிறது. சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் பழக்கத்தை நிறுத்துவதே இதற்கு நான் அறிந்த மிக மலிவான வைத்தியம்.

அடுத்தது சர்க்கரை. திரும்பத் திரும்ப ஈஸ்ட் தொற்று வருவதைக் கண்டு பரிசோதித்தபோதுதான் தமக்கு நீரிழிவு இருப்பதே தெரிந்தது என்பவர்கள் பலர். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால், அவற்றைச் சாப்பிடும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பிறப்புறுப்பில் இத்தொற்று வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல் செட் அணிபவர்கள் இரவில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஈரத்தை நீக்குங்கள்

தோலில் வரும் ஈஸ்ட்டுக்கு இதைவிடப் பெரிய இயற்கை வைத்தியம் இல்லை. என் அத்தைக்கு நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே தோல் வெளுத்து, ஊறி, நடுவில் சிவந்து வெடித்திருந்தது. நாள் முழுவதும் பாத்திரம் கழுவும் கை. அந்த விரலில் ஒரு நெளி மோதிரம். மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார், அந்த விழுது காயாமல் மேலும் ஊறவைத்ததே மிச்சம். மோதிரத்தைக் கழற்றி, கழுவும்போது கையுறை அணிந்து, ஒவ்வொரு முறையும் விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்தத் தொடங்கிய பிறகுதான் தோல் மூடத் தொடங்கியது.

குளித்தபின் மடிப்புகளைத் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். வியர்த்த உடையை உடனே மாற்றுங்கள். உள்ளாடை பருத்தியாக, சற்றுத் தளர்வாக இருக்கட்டும். நம் வீட்டுக் கொடிகளில் பெண்களின் உள்ளாடைகள் ஒரு துண்டுக்கோ பாவாடைக்கோ அடியில் மறைந்தே காய்கின்றன. மழைக்காலத்தில் அவை முழுவதும் காய்வதே இல்லை, அரை ஈரத்துடனேயே மடித்து வைக்கப்படுகின்றன. வெட்கத்தை ஓரம் வைத்து வெயிலில் நேராகப் போடுங்கள்; இடமில்லையெனில் அணியுமுன் இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் ஆய்வகத்தில் கேண்டிடாவைக் கொல்வது உண்மைதான்; ஆனால் ஈரமான மடிப்பில் எண்ணெயைத் தடவினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

நான்காம் படி: தயிரை முறையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்

தயிர் ஈஸ்ட் தொற்றைக் குணப்படுத்தும் மருந்தன்று. ஆன்டிபயாடிக் எடுத்த பின் பாக்டீரியாக் கூட்டம் மீள்வதற்குத் துணைநிற்கக்கூடிய உணவு என்ற அளவில் அதை நம்பலாம். பாலைப் பொங்கவிட்டு இறக்கி, விரலை விட்டால் இதமாகச் சுடும் அளவுக்கு, அதாவது 40 டிகிரி செல்சியஸை ஒட்டி, ஆறவிடுங்கள். அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உறைமோர் விட்டு ஒருமுறை கலக்கி மூடிவிட்டு, பிறகு அசைக்காதீர்கள். சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். மார்கழியில் பாத்திரத்தைத் துணியால் சுற்றி அரிசிப் பானைக்குள் வைக்க வேண்டியிருக்கும். உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் தயிரைச் சூடாக்கக் கூடாது. கொதித்த மோர்க்குழம்பில் சுவை இருக்கும், பாக்டீரியா இருக்காது. கடையில் விற்கும் பழச்சுவைத் தயிரில் சர்க்கரை அதிகம் என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

பழைய சோறு, இட்லி, தோசை ஆகியவற்றைப் புளித்தவை என்பதற்காக விலக்கத் தேவையில்லை. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வேறு, உங்களுக்கு அரிப்பு தரும் கேண்டிடா வேறு.

ஐந்தாம் படி: இவற்றைச் செய்யாதீர்கள்

பூண்டுப் பல்லையோ, தயிரையோ, வினிகர் கலந்த நீரையோ பெண்ணுறுப்புக்குள் வைக்கவோ செலுத்தவோ கூடாது. பூண்டு மென்மையான சவ்வைச் சுட்டுவிடும். உள்ளே நீரைச் செலுத்திக் கழுவுவது காவலுக்கிருக்கும் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்களையே அடித்துச் செல்லும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினாலே போதும்.

குழந்தைக்கு வாயில் அக்கரம், அதாவது ஈஸ்ட் வெண்படலம், வந்தால், வெங்காரத்தை (போராக்ஸ்) பொரித்துத் தேனில் குழைத்துத் தடவும் பாட்டி வைத்தியத்தை அன்போடு மறுத்துவிடுங்கள். வெங்காரம் குழந்தைக்கு நஞ்சு. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்னும் கொடிய நோய் வரக்கூடும்.

ஆறாம் படி: மருந்துக்கு மாறவேண்டிய நேரம்

இவற்றைச் செய்து ஒரு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். முதல்முறை வந்தவர்கள், கருவுற்றவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இருப்பவர்கள் அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஆண்டில் மூன்று நான்கு முறை வந்தால் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நல்லது.

மருந்தென்றால் செயற்கை என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஈஸ்ட்டுக்குத் தரப்படும் நிஸ்டாட்டின், எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு அமெரிக்கப் பெண் அறிவியலாளர்கள் 1950இல் அறிவித்த மருந்து. வர்ஜீனியாவில் ஒரு பண்ணையின் மண்ணில் கிடைத்த பாக்டீரியாவே அதைச் சுரக்கிறது.

ஆனால் கடைக்காரர் எடுத்துத் தரும் களிம்பின் உறையைப் படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதேனும் எழுதியிருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிட்டு, உள்ளே பூஞ்சையைப் பரவவிடும். மருத்துவர் தந்த களிம்பை, அரிப்பு நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே மூடி வைக்காமல், சொன்ன நாள்வரை தடவுங்கள்.